கொறஞ்ச அளவுக்கு நல்ல தண்ணி

ஐயோ, கைய உள்ள விடாதீங்கண்ணா! இருங்க. வாசல்ல வெச்சிருக்கிற சானிடைசர் போட்டீங்கல்ல? இங்க வரைக்கும் வாசனை அடிக்குது. பல் டாக்டர் வீட்டு ஆளுங்களுக்கு இது ஒரு வியாதி. அந்தக் கையோட தொட்டிக்குள்ள விட்டா மிச்சம் இருக்கிற ரெண்டு மீனும் போயிடும். அதோ சிங்க். முழங்கை வரைக்கும் வெறும் தண்ணில கழுவிட்டு வாங்க. சோப்பும் கூடாது.

ஆங், இப்ப உக்காருங்க. நீங்கதான் வெங்கியா? மேடத்தோட தங்கச்சி பையன்? அப்ப மேடம் உங்களுக்குப் பெரியம்மா. சரி சரி. நான் டெரிக். ரிசப்ஷன்ல பெர்னதெத்னு ஒருத்தவங்க இருப்பாங்களே, அவங்க பையன். அம்மா இப்ப இல்ல, ஃப்ரேசர் டவுன் லேபுக்கு பல் செட் வாங்கப் போயிருக்காங்க. அவங்க வர்றதுக்குள்ள தொட்டிய உங்ககிட்ட ஒப்படைச்சிட்டு நான் கெளம்பிடணும். மேடம் ஆர்டர். எப்படிச் சொன்னாங்க தெரியுமா? கண்ண மூடிட்டுக் கேளுங்க. டெரிக், நீ வெங்கிகிட்ட எல்லாத்தையும் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணிட்டு, சாவியைக் குடுத்துட்டு, பேசாம போயிண்டே இரு. இனிமே இந்த க்ளினிக் பக்கம் உன் தலையைப் பார்த்தேன்னா, மயக்க ஊசி போடாம கடவாய்ப் பல்லைப் பிடுங்கிடுவேன்.

சிரிக்கிறீங்க! அப்படியே இருக்கா? பிடுங்கிடுவேன் சொல்றப்ப மூக்குக் கண்ணாடிய மேல தள்ளுவாங்க பாருங்க, அது உங்க மனசுல தானா வந்திருக்குமே.

ஆமா, அந்த டெரிக்தான். இறாவக் கொன்னவன். உங்ககிட்டயும் சொல்லியாச்சா? சொல்லியிருப்பாங்க. பரவால்ல. நான் கொல்லலண்ணா. இப்பவே நம்பணும்னு இல்ல. முதல்ல தொட்டியக் கத்துக்கங்க, அப்புறம் நீங்களே சொல்லுங்க.

இது உப்புத் தண்ணித் தொட்டி. கடல் தண்ணியா? பெங்களூர்ல கடலுக்கு எங்கண்ணா போறது? அல்சூர் ஏரித் தண்ணிய ஊத்தினா மீனே எழுந்து நடந்து வெளிய போயிடும். நாமளே பண்றதுதான். கேன்ல வர்ற தண்ணி, அதுல இந்தப் பாக்கெட் உப்பு. சமையல் உப்பு ஆகாது. எங்கம்மா முதல் நாள் கல்லுப்பு பாக்கெட்டோட வந்து நின்னாங்க. ஏன்டா, இதையும் கடல்லேருந்துதானே எடுக்கிறான்னு. பாயிண்ட்டுதான். ஆனா இதுல உப்பு மட்டும் இல்ல, கடல்ல கரைஞ்சிருக்கிற இன்னும் என்னென்னமோ சேர்த்து வெச்சிருக்கான். பக்கெட்ல தண்ணி, உப்பு, ஒரு சின்ன மோட்டார் போட்டு ஒரு நாள் சுத்த விடணும். அப்புறம் இந்தக் குழல்ல ஒரு சொட்டு வெச்சு வெளிச்சத்துல பாக்கணும். நீலமும் வெள்ளையும் சேர்ற கோடு எங்க நிக்குதுன்னு பாருங்க. தெரியுதா? அங்கதான் நிக்கணும். ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது.

அவசரப்படாதீங்க. எல்லாத்துலயும் அவசரம் ஆகாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது ராகேஷ் அண்ணா. சிவாஜி நகர்ல மீன் கடை. திங்கிற மீன் இல்ல, வளக்கிற மீன். அவரு குரல் கேக்கணுமா? மூக்குல பாதி, தொண்டையில பாதி. நோடு மகா, மீனு சாயபார்து அந்த்ரெ தாள்மெ பேக்கு. பொறுமை வேணுமாம் மீன் சாகாம இருக்கணும்னா. உங்க பெரியம்மாவுக்கு எங்க பொறுமை? தொட்டி வந்த அன்னைக்கே மீன் நீந்தணும்னாங்க. கொழந்தைங்க ட்ரில் சத்தத்துக்கு அழுதுங்க, வேடிக்கை காட்ட ஏதாவது வேணும், அதுக்குத்தானே இதையே வாங்கினது. ராகேஷ் அண்ணா கறாரா சொல்லிட்டாரு. முதல்ல தண்ணியும் கல்லும் மட்டும்தான். இந்தக் கல்லு சும்மாக் கல்லு இல்ல, கண்ணுக்குத் தெரியாத பூச்சி கோடிக்கணக்குல உள்ள குடியிருக்கு. மீன் கழிக்கிற விஷத்த அதுங்கதான் தின்னு சுத்தம் பண்ணணும். அதுங்க பெருகி ஒரு நிலைக்கு வர வரைக்கும் மீன் விட்டா, விட்ட மீன் மெதக்கும்.

அதனால ஒரு மாசத்துக்கு மேல வெறும் கல்லும் தண்ணியும். வந்த பேஷண்ட்டெல்லாம் கிண்டல். ஒரு பெரியவர், வாய் ஃபுல்லா பஞ்சு, எப்படிக் கேட்டாரு தெரியுமா? ஏம்ஃபா, மீவ எங்கஃபா? டாக்டர் ஃபுடுங்கிட்டாங்களா? எனக்குச் சிரிப்பு தாங்கல. அப்பதான் நான் ஒண்ணு பண்ணினேன். அந்தக் கல்லுக்குப் பின்னாடி கண்ணாடி மீன்னு ஒண்ணு இருக்கு சார், பர்மாவுலேருந்து வரவழைச்சது, உடம்பு மொத்தமும் தண்ணி மாதிரி, வெளிச்சம் சாய்வா விழுந்தாத்தான் தெரியும்னு சொன்னேன். அவ்ளோதான். ரிசப்ஷன்ல இருக்கிற மொத்த ஜனமும் தலையச் சாய்ச்சு உத்துப் பாக்குது. ஒரு ஆன்ட்டி, ஐயோ இப்ப வாலை ஆட்டிச்சுன்னு சத்தியமே பண்றாங்க. இன்னொருத்தர், ரெண்டு இருக்குதுங்கிறாரு! ஒரு வாரம் ஓடிச்சு. மேடம் உள்ளேருந்து வந்து, எங்க, எனக்கும் காட்டுன்னு கேட்டப்ப என்னால முடியல, சிரிச்சிட்டேன். திட்டினாங்க. ஆனா அவங்களும் உள்ள போய்ச் சிரிச்சாங்கன்னு அம்மா சொன்னாங்க.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, என்மேல ஒரு பேரு இருக்கு. சேட்டைக்காரன். மேடம் குரல்ல கூப்பிட்டு மரகதம் அக்காவ மாடிக்கும் கீழயும் ஓட விட்டிருக்கேன். மரகதம் அக்கா, இங்க பெருக்கித் துடைக்கிறவங்க. இந்தப் பேரு எவ்வளவு வசதின்னு அப்ப எனக்குத் தெரியல. எனக்கு இல்ல. மத்தவங்களுக்கு.

சரி, பாடத்துக்கு வாங்க. மீன் இதுங்க ரெண்டுதான். க்ளௌன் மீன். பெருசு பொம்பளை, சின்னது ஆம்பளை. பெருசு போயிட்டா சின்னது பொம்பளையா மாறிடும், நிஜமாண்ணா, இது கண்ணாடி மீன் கதை இல்ல. தீனி ஒரு சிட்டிகை, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு. வாலை ஆட்டி ஆட்டிக் கேக்கும், ஏமாந்து கூடப் போட்டுடாதீங்க. தண்ணிய குளுமையா வெக்கிற சில்லர் மெஷின் வேணாம். சென்னையா இருந்தா தண்ணி சூடாகி வெந்துடும், நம்ம ஊருக்கு ஃபேனே போதும். வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பக்கெட் பழைய தண்ணி எடுத்துட்டு புதுசா கலக்கின உப்புத் தண்ணி ஊத்தணும்.

இப்ப இதுதான் முக்கியம், நல்லா கேளுங்க. தண்ணி தெனமும் ஆவியாப் போகும். ஏசி ஓடுதா, இன்னும் சீக்கிரம் போகும். தண்ணி கொறையுதேன்னு உப்புத் தண்ணிய ஊத்தினா கெட்டுது கதை. ஏன் சொல்லுங்க? கரெக்ட்! தண்ணிதான் பறக்குது, உப்பு பறக்கல. உள்ளயே நிக்குது. திரும்ப உப்பு ஊத்தினா ஏறிட்டே போகும். அதனால கொறஞ்ச அளவுக்கு நல்ல தண்ணி. உப்பில்லாத தண்ணி. இத எல்லாருக்கும் மந்திரம் மாதிரி சொல்லி வெச்சிருக்கேன், அம்மாவுக்கு, மரகதம் அக்காவுக்கு, உங்க பெரியம்மாவுக்கு.

தொட்டிக்குக் கீழ இருக்கிற இந்தக் கதவத் தொறங்க. உள்ள வாளி இருக்குல்ல? கக்கூஸ் தொட்டில மெதக்குமே ஒரு பந்து, அதே மாதிரி ஒண்ணு போட்டிருக்கேன். மேல கொறஞ்சா இந்த வாளியிலேருந்து தானா நல்ல தண்ணி ஏறும். வாளி காலியாச்சுன்னா இந்தப் பெரிய மோட்டாருக்குத் தண்ணி பத்தாது, காத்த உறிஞ்சும். அப்ப ஒரு சத்தம் போடும் பாருங்க. க்கர்ர்ர்ர்! உங்க பெரியம்மாவோட ட்ரில்லவிட மோசம். ஆமா, வாயால பண்ணினதுதான். மோட்டார் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க.

வாளியில கேன் தண்ணி மட்டும். வேற எந்தத் தண்ணியும் கூடாது.

இறா எங்கன்னு கேக்கிறீங்க. இறா இங்கதான் இருக்கும், இந்தக் கல்லு முனையில. சிவப்பு உடம்பு, முதுகுல வெள்ளைக் கோடு, நீள நீளமா மீசை. மீன் அதுகிட்ட போய் வாயத் தொறந்துட்டு அசையாம நிக்கும். இறா உள்ள கைய விட்டு, அழுக்கு, பூச்சி எல்லாத்தையும் பொறுக்கி எடுக்கும். பல் டாக்டர்ணா! பல் ஆஸ்பத்திரில ஒரு பல் டாக்டர் இறா! மேடத்துக்கு அதப் பாத்ததுலேருந்து அதுமேல உயிரு. எந்தக் கொழந்தை அழுதாலும் தூக்கிட்டு இங்க வந்துடுவாங்க. பார்த்தியா, மீனே சமத்தா ஆன்னு காட்டறது, நீ காட்ட மாட்டியோ? கொழந்தைங்க காட்டுங்க, சத்தியமா. நான் கைய விட்டா என் நகத்தையும் வந்து சுத்தம் பண்ணும். கூச்சமா இருக்கும். மொதோ தடவை அது என் வெரல்ல ஏறினப்ப நான் யாரு மாதிரியும் பேசல. சும்மா நின்னுட்டிருந்தேன்.

செத்துப் போச்சு. ப்ரிபரேட்டரி எக்ஸாம் எனக்கு, பி.யூ. ரெண்டாம் வருஷம், அதான் ப்ளஸ் டூ. வாளிய ரொப்பி வெச்சிட்டுப் போனேன், ஒரு வாரத்துக்குத் தாங்கும்னு கணக்கு. முடிச்சிட்டு ஓடி வந்து பாக்கிறேன், இறா மல்லாந்து கெடக்கு. உடம்பெல்லாம் வெளுத்துப் போய். பாசி திங்க விட்டிருந்த நத்தைங்க கண்ணாடியிலேருந்து உதிந்து மணல்ல கெடக்குதுங்க, ஒண்ணுகூட மிச்சமில்ல. மீன் ரெண்டும் மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி தீனி கேட்டு வாலை ஆட்டுது.

ராகேஷ் அண்ணா ஓடி வந்தாரு. வந்தவரு மீனப் பாத்தாரு, நத்தையப் பாத்தாரு, ஒரே கேள்விதான் கேட்டாரு. தாம்ரா யாரு ஹாக்கிது? தாம்ரான்னா செம்பு. செம்ப யாரு போட்டது? இறா, நத்தை, இதுங்களுக்கு செம்பு ஒரு துளி போதும், முடிஞ்சுது. மீன் தாங்கும். ஒரு குப்பியில தண்ணி எடுத்து மருந்து விட்டுப் பாத்தாரு, கலர் மாறிடுச்சு. செம்பேதான். அந்த நேரம் எல்லாரும் இங்கதான் நின்னுட்டிருந்தோம். மேடம், அம்மா, மரகதம் அக்கா, நான். மேடம் கண்ணாடிய மேல தள்ளினாங்க. செம்பு எங்கேருந்து வரும் இதுக்குள்ள? 

அம்மாதான் பேசினாங்க. தலைய நிமித்தாம. இவன் காலேஜ் லேப்ல நீலக் கல்லு இருக்கு மேடம், மயில்துத்தம், அதுவும் செம்புதானாம், அதக் கொண்டாந்து தொட்டியவே நீலமாக்கிக் காட்றேன்னு வீட்ல சொல்லிட்டிருந்தான்னாங்க.

சொன்னேன்தான். சாப்பிடுறப்ப சொன்னேன். மாதா ஃபீஸ்ட் வருதே, மாதாவுக்கு நீலம் பிடிக்குமே, தொட்டிய நீலமாக்கிட்டா மேடம் அற்புதம்னு நம்பிடுவாங்கன்னு. தட்டுல கையோட சிரிச்சிட்டுச் சொன்னது. அம்மாவும் சிரிச்சாங்க, புரையேறிடுச்சு, நான்தான் தலையில தட்டினேன். அத எடுத்து இங்க வெச்சாங்க. நான் முதல்ல என்ன நெனச்சேன்னா, அம்மாவும் என்ன மாதிரி விளையாடுறாங்கன்னு. சிரிச்சுட்டேண்ணா. அந்த சிரிப்புதான் என்ன முடிச்சுது. மேடம் பாத்துட்டு, சிரிக்கிறான் பாரு, உயிரைக் கொன்னுட்டுச் சிரிக்கிறான் பாருன்னாங்க. அத மட்டும் நான் அவங்க மாதிரி பேசிக் காட்டல, அவங்களே அழுதுட்டாங்க. அத எப்படிப் பேசிக் காட்றது.

நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு தெரியுது. பெத்த தாயே சொல்றாங்க, அப்புறம் என்னன்னு. எல்லாரும் அதத்தான் நெனச்சாங்க.

எனக்குத் தொட்டி போனதுகூட வருத்தம் இல்லண்ணா. அம்மா என்ன அப்படி நெனச்சிட்டாங்களேன்னு. நான் யார வேணா ஏமாத்துவேன், உயிரோட விளையாட மாட்டேன், அது அம்மாவுக்குத் தெரியும்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய் எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா. அம்மா, நான் இல்லம்மா. பைபிள எடுத்து அதுமேல கைய வெச்சேன். அம்மா அடுப்ப அணைச்சிட்டு ரூமுக்குள்ள போயிட்டாங்க. மறுநாள் பீஃப் வறுவல் பண்ணிக் குடுத்தாங்க. ஞாயித்துக்கிழமைகூட இல்ல. விடுடா, முடிஞ்சு போச்சு, சாப்பிடுன்னாங்க. முகத்தப் பாக்கல. பொய் சொல்ற புள்ளையப் பாக்கப் பிடிக்கலன்னு நெனச்சிட்டேன்.

சரி, நிரூபிச்சிடலாம்னு எறங்கினேன். யாரு ஊத்தினதுன்னு கண்டுபிடிச்சு அம்மா முன்னாடி நிறுத்தினா நம்பித்தானே ஆகணும்? எனக்கு என்ன தெரியும், குரல்தான் தெரியும். முதல்ல கேன்காரனுக்கு ஃபோன் போட்டேன், மேடம் குரல்ல. ஏம்பா, போன வாரம் எத்தனை கேன் போட்டேன்னு கேட்டா, மேடம் நான் ஊருக்குப் போயிருந்தேன், அந்த வாரமே வரலையேங்கிறான். அப்ப வாளி காஞ்சப்ப கேன்ல தண்ணியே இல்ல. ஆனா நான் வந்து பாக்கிறப்ப வாளி பாதி ரொம்பி இருந்துச்சு. எங்கேருந்து வந்த தண்ணி? சிங்க்ல வர்றது போர்வெல் தண்ணி. அது காஞ்சா வாளியில சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வளையம் கட்டும். வாளி பளிச்னு இருக்கு.

யோசிச்சிட்டு இங்கதான் உக்காந்திருந்தேன், சாமானெல்லாம் எடுக்க வந்த அன்னைக்கு. மரகதம் அக்கா தரையில உக்காந்து புளி போட்டுத் தேய்ச்சிட்டிருக்காங்க. எத? திரும்பிப் பாருங்க. பேப்பர் கப்பு அடுக்கி வெச்சிருக்கிற மேசை. குழாய் வெச்ச செம்புப் பானை. உங்க பெரியம்மா வீட்டு ஃபில்டர் தண்ணியக் கொண்டாந்து ரொப்பி, வர்ற பேஷண்ட்டுக்கெல்லாம் அதுலேருந்துதான் தண்ணி குடுப்பாங்க. ராத்திரி முழுக்க செம்புல நின்ன தண்ணி, உடம்புக்கு அவ்ளோ நல்லதுன்னு.

ஆமாண்ணா. மனுஷனுக்கு நல்லதோ என்னமோ. புளியில தேய்ச்ச செம்புல ராத்திரி முழுக்க நின்ன தண்ணி இறாவுக்கு விஷம். இத்தனை பேரு நின்னு செம்பு எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சோமே, முதுகுக்குப் பின்னாலதான் இருந்துச்சு, பளபளன்னு.

நானும் அதேதான் நெனச்சேன், மரகதம் அக்காதான்னு. மேடம் குரல்ல போட்டேன் ஃபோன. மரகதம், உண்மையச் சொல்லு, தொட்டில பானைத் தண்ணிய ஊத்தினியா? அக்கா பதறுறாங்க. யம்மா, நான் அந்தக் கண்ணாடிப் பொட்டி பக்கமே போவ மாட்டேம்மா, அந்த மீசைய பாத்தாலே எனக்கு ஒதறும், எனக்கு முன்னாடி இருந்தவ கண்ணாடி தொடைக்கிற மருந்த அதும்மேல அடிச்சான்னு அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பினியேம்மா, நான் தொடுவனா? அது நெஜம்தான். முன்னாடி இருந்த அக்காவ ஒரே நாள்ல அனுப்பினாங்க உங்க பெரியம்மா. டெரிக்கத் தவிர யார் கை தொட்டிமேல பட்டாலும் வேலை கெடையாதுன்னு எல்லாரையும் நிக்க வெச்சு சொன்னாங்க.

ஆனா நான் நம்பல. பயத்துல பொய் சொல்றாங்கன்னு நெனச்சேன். பாத்தவங்க ஒருத்தர் வேணும். ரிசப்ஷன்ல நாள் பூரா உக்காந்திருக்கிறது யாரு? அம்மாதானே. அம்மா கண்ணுல படாம யாரும் இந்தக் கதவத் தொறக்க முடியாது. நான் கேட்டா பேச மாட்டாங்க. அதனால நேத்து மத்தியானம் காலேஜ் கேன்டீன் பின்னாடி நின்னு கிளினிக் லேண்ட்லைனுக்குப் போட்டேன். ராகேஷ் அண்ணா குரல்ல. அதுல நம்பர் தெரியாது.

நமஸ்காரா மேடம், நான் ராகேஷ், ஊட்டா ஆய்த்தா, சாப்பாடு ஆச்சா? அந்தப் பெரிய மேடத்துகிட்ட சொல்ல மாட்டேன், தொட்டிய சுத்தம் பண்ண மருந்து குடுக்கணும், எந்தத் தண்ணி போச்சுன்னு கரெக்டா தெரியணும். அந்த மரகதம் பானைத் தண்ணி ஊத்தினாங்களா?

அந்தப் பக்கம் டைப் பண்ற சத்தம் நின்னுடுச்சு.

மரகதம் இல்ல ராகேஷ். அவ பாவம், அவ பேரச் சொல்லிடாதீங்க. நான்தான்.

இருங்கண்ணா, அம்மா சொன்னத முழுசா சொல்றேன். எனக்குத் தண்ணி வேணாம். அந்தப் பானைத் தண்ணி சுத்தமா வேணாம்.

அந்த மோட்டார் திடீர்னு கத்த ஆரம்பிச்சுது ராகேஷ். உள்ள ஒரு கொழந்தைக்குப் பல் அடைச்சிட்டு இருந்தாங்க, அது பயந்து வீல்னு கத்துது, மேடம் என்னப் பாத்து அத நிறுத்துன்னு கத்துறாங்க. தொறந்து பாத்தா, ஏசி ஓடின ஓட்டத்துல வாளி காஞ்சு கெடக்கு. கேனும் இல்ல. பையனுக்குப் பரீட்சை, ஃபோன் எடுக்க மாட்டான். கொறஞ்ச அளவுக்கு நல்ல தண்ணின்னு சொல்லிட்டே இருப்பான். மேடம் குடிக்கிறதவிட நல்ல தண்ணி எதுன்னு பானையிலேருந்து புடிச்சு ஊத்தினேன். சத்தம் நின்னுடுச்சு. அப்புறம் தெனமும் ஊத்தினேன். நீங்க வந்து செம்புன்னு சொன்னீங்களே, அந்த நிமிஷம் எனக்குப் புரிஞ்சு போச்சு. மேடம் என்னையே பாத்தாங்க. வாயில வந்ததச் சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு பீன்யா ஃபேக்டரி மூடினதுலேருந்து வேலை இல்ல, என் சம்பளம்தான் வீடு. அவன் சின்னப் பையன், அவன என்ன பண்ணிடுவாங்க? எப்பவும் ஏதாவது சேட்டை பண்றவன்தானே. பத்தோட பதினொண்ணு. நீங்க மேடத்துகிட்ட சொல்லிடாதீங்க.

கேட்டீங்களா? பத்தோட பதினொண்ணு.

தெரிஞ்சிருக்குண்ணா. நான் பைபிள் மேல கைய வெச்சப்பயும் தெரியும். பீஃப் வறுத்தப்பயும் தெரியும். அம்மா என்ன நம்பலன்னு அழுதிட்டிருந்தேன். அம்மாவவிட என்ன நம்பினவங்க இந்த ஊர்லயே யாரும் இல்ல.

நீங்க மேடத்துகிட்ட சொல்ல வேணாம். இல்ல, நல்லவனா காட்டிக்கல. சொன்னா நாளைக்கே அம்மா வீட்ல உக்காந்திருப்பாங்க, அப்பா பக்கத்துல. எனக்குக் கோவம் இருக்கு, ஆனா வீட்டு வாடகையும் இருக்கு. சொல்ல மாட்டேன்னு சத்தியம் வேற ஆயிடுச்சு. அது ராகேஷ் அண்ணா குரல் பண்ணின சத்தியம், என்னக் கட்டாது, அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். உங்களுக்குத் தெரிஞ்சாகணும். நாளைக்கு வாளி காஞ்சு, மோட்டார் கத்தி, கேன் இல்லன்னா நீங்களும் அந்தக் குழாயத்தான் தொறப்பீங்க. இந்தப் பை இருக்குல்ல, இது செம்ப உறிஞ்சும், தண்ணி ஓடுற எடத்துல போட்டு வெச்சிருக்கேன். கல்லுல ஏறினது சீக்கிரம் எறங்காது. ராகேஷ் அண்ணா வந்து டெஸ்ட் பண்ணி சரின்னு சொல்ற வரைக்கும் இறா, நத்தை எதுவும் விடாதீங்க.

சாவி இந்தாங்க. கேட் சத்தம் கேக்குது, அம்மாதான். நீங்க சும்மா மீனப் பாத்துட்டிருங்க, நான் சிரிச்சிட்டேதான் போவேன், எனக்கு வரும்.

அம்மா ஃபோன வெக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் கேட்டாங்கண்ணா. ராகேஷ், அதே மாதிரி இன்னொரு இறா கெடைக்குமா, சின்னதா ஒரு தொட்டியோட? வீட்ல வெக்கறதுக்கு, என் பையனுக்குன்னு.

ஸ்டாக் இல்ல மேடம்னேன். எப்ப வரும்னாங்க. இனிமே வராது மேடம்னு சொல்லிட்டு வெச்சிட்டேன்.